முகத்துக்கு அளவு எடுக்கப் போனவர்

என் கடைக்கும் சின்னவர் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நான் மனிதர்களுக்குத் துணி தைக்கிறேன். அந்தப் பக்கம் அவர் சாமிக்கு வெள்ளியில் உடை தட்டுகிறார். இரண்டும் ஒரே தொழில்தான் என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "உன் ஆளு, சட்டை பிடிக்கலேன்னா வந்து சண்டை போடுவான். என் ஆளு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா டெய்லரு. அதுதான் கஷ்டம்" என்பார். பதினெட்டு வருஷமாக இதே பதில்தான். நானும் அதே வம்பைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோயிலில் கல்லாக நிற்கும் அம்மனுக்கு மேலே அணிவிக்கிற வெள்ளிக் கவசம் செய்வது அவர்கள் குடும்பத்து வேலை. முகம், தோள், கை, பாதம், கிரீடம் என்று தனித்தனியாகச் செய்து கோயில் வாசலில் கொடுத்துவிட்டு வருவார்கள். குருக்கள் அதை உள்ளே கொண்டுபோய், திரை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொருத்துவார். திரை விலகும்போது நாம் பார்ப்பது வெள்ளி அம்மன். அவளுக்கு அடியில் இருக்கிற கல் அம்மனைக் குருக்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. கவசம் செய்தவர்களுக்கும் இதே சட்டம்தான். நாம் எல்லாரும் நிற்கிற இடத்தில்தான் அவர்களும் நிற்க வேண்டும்.

வேலை நடப்பதைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. கறுப்பு அரக்கை உருக்கி ஒரு மரத்தட்டில் ஊற்றி, அது இளகியிருக்கும்போதே வெள்ளித் தகட்டை அதன்மேல் அமுக்கி வைப்பார்கள். பிறகு சின்னச் சின்ன உளிகளை வைத்துத் தட்ட ஆரம்பிப்பார்கள். தட்டுவது தகட்டின் பின்பக்கத்தில். பின்னால் பள்ளம் விழ விழ முன்னால் மேடு எழும். கன்னம் என்பது தட்டுகிறவருக்கு ஒரு குழி. மூக்கு என்பது ஒரு வாய்க்கால். முகத்துக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு முகம் செய்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தையல் மெஷின்மேல் தலை வைத்துக் கண்ணயர்வது என் பழக்கம். அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருக்கும். அரக்கு வாசனையும் கூடவே வரும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த நிலையில், சுவர் மெல்லக் கரைந்து, ஒரு வெள்ளிக் கை நீண்டு வந்து என் கத்திரிக்கோலை எடுத்து அழகாக மேஜைமேல் வைத்துவிட்டுப் போகும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதைச் சின்னவரிடம் சொன்னேன். "எந்தக் கை, வலதா இடதா?" என்று கேட்டார். வலது என்றேன். "அது நான் செஞ்ச கை" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார். இந்த மனுஷனிடம் எதைச் சொல்வது.

கைகள் எல்லாம் இவர் செய்தவை என்பது உண்மைதான். கை, பாதம், தோள், கிரீடம் எல்லாமே சின்னவர் தட்டியவை. முகம் மட்டும் அவருடைய அண்ணன் தட்டியது. அண்ணனைத் தெருவில் எல்லாரும் பெரியவர் என்போம். பத்து வயது மூத்தவர். அளந்து பேசுகிறவர். நான் வணக்கம் சொன்னால், வணக்கத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். திருப்பித் தர மாட்டார். கோயிலுக்கும் அவ்வளவாகப் போக மாட்டார். சின்னவர் அதற்கு நேர்மாறு. தினமும் காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய், திரை விலகும்போது கண்ணில் நீர் வழிய நின்றுவிட்டு வந்தால்தான் சுத்தியலைத் தொடுவார். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவருக்கு இவ்வளவு பக்தி, ஒருவருக்கு ஒன்றுமே இல்லை என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

சின்னவருக்கு அண்ணன்மேல் உயிர். ஆனால் ஒரே ஒரு மனத்தாங்கல் இருந்தது. முகத்தை அண்ணன் அவரிடம் கொடுக்கவே இல்லை. கிரீடத்துக்கு, தோளுக்கு, விரலுக்கெல்லாம் மெழுகில் ஒற்றி எடுத்த அச்சு இருக்கும். அதை வைத்துத்தான் இவர் தட்டுவார். முகத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் ஒரு நூல், காதுக்குக் காது ஒரு நூல், இவ்வளவுதான். அதையும் பெரியவர் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து, யாரையும் பக்கத்தில் விடாமல் முகத்தைத் தட்டினார். "நான் என்ன திருடிக்கிட்டா போயிடுவேன்?" என்று சின்னவர் என்னிடம் புலம்புவார். உள்ளே கல்லில் முகம் எப்படி இருக்கும் என்று அண்ணனிடம் கேட்டால், "நல்லா இருக்கும்" என்று மட்டும் சொல்வாராம். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு நாள் ஓட்டுவது?

பெரியவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோயிலில் திருப்பணி நடக்கும். அப்போது கல்லில் இருக்கிற சக்தியை மந்திரம் சொல்லி ஒரு குடத்துத் தண்ணீரில் இறக்கி, வெளியே ஒரு கொட்டகை போட்டு, அங்கே பலகையில் வரைந்த படத்துக்கு மாற்றிவிடுவார்கள். வீட்டைச் செப்பனிடும்போது நாம் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போய் இருப்பதில்லையா, அந்த மாதிரி. திருப்பணி முடிகிற வரைக்கும் பூஜை எல்லாம் கொட்டகையில்தான். கருவறையில் நிற்பது வெறும் கல். அந்த நாட்களில்தான் கைவேலைக்காரர்கள் உள்ளே போகலாம், தொடலாம், அளவு எடுக்கலாம். தேய்ந்துபோன பழைய கவசத்துக்குப் பதில் புதிது தட்ட அளவு எடுக்கக் கவசக்காரருக்கு ஒதுக்குவது ஒரே ஒரு காலைப்பொழுது. மறுநாள் கல்லைப் பீடத்தோடு ஒட்டுகிற மருந்தை வைத்துவிட்டால் அப்புறம் யாரும் தொடக் கூடாது. அதற்கடுத்த வாய்ப்பு இன்னொரு பன்னிரண்டு வருஷம் கழித்து.

சின்னவர் தன் வாழ்நாளில் இரண்டு வாய்ப்பை விட்டவர். முதல் தடவை அப்பாவும் அண்ணனும் போனார்கள். இவர் உடம்பெல்லாம் அம்மை போட்டுப் படுத்திருந்தார். இரண்டாவது தடவை அண்ணனும் தம்பியும் குளித்து, புது வேட்டி கட்டி, மெழுகை எடுத்துக்கொண்டு வாசலில் கால் வைத்த நேரத்தில் போன் அடித்தது. இவருடைய மாமனார் போய்விட்டாராம். வாழ்நாள் முழுக்க மாப்பிள்ளைக்கு ஒரு நல்லது செய்யாத மனுஷன், போகிற நேரத்தைக்கூடப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மருமகனுக்கு மூன்று நாள் தீட்டு, அண்ணனுக்கு இல்லை. அண்ணன் தனியாகப் போனார். இவர் வாசலிலேயே புது வேட்டியோடு உட்கார்ந்திருந்ததை நான் என் கடையிலிருந்து பார்த்தேன்.

அன்றைக்குக் குருக்கள் ஆறுதலாகச் சொன்ன வார்த்தைதான் இவரை அதிகம் வாட்டியது. "காதுல விழாம வந்திருந்தா தோஷமில்ல. தீட்டுங்கறது கேட்டதுக்கு அப்புறம்தான். விழுந்துடுச்சே, என்ன பண்றது?" என்றாராம். போனை எடுத்துக் கொடுத்தது இவர் மனைவி. பாவம், அந்த அம்மா, தன் அப்பனைப் பறிகொடுத்த துக்கத்தோடு, இந்த மனுஷனுடைய முறைப்பையும் ஒரு வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாவது தடவை இந்த வருஷம் வந்தது. வருவதற்கு ஐந்து மாதம் முன்னால் பெரியவர் விழுந்துவிட்டார். பட்டறையில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அதற்குப் பிறகு இடது கை, இடது கால், பேச்சு எல்லாம் போய்விட்டன. பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். சின்னவர் மனைவி, தன் மகளின் பிரசவத்துக்காக அவள் வீட்டில் இருந்தார். மருத்துவர் ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

பெரியவர் வாயிலிருந்து வந்த ஒரே கேள்வி தேதி. அதுவும் வார்த்தையாக வராது. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து ஒரு முனகல். அண்ணி தினமும் தாளைக் கிழித்து அவர் கண்ணுக்கு நேரே காட்டுவாள். எதற்கென்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அண்ணிதான் கண்டுபிடித்தாள். தான் போய்விட்டால் தம்பிக்குத் தீட்டு. தம்பி கோயிலுக்குள் போக முடியாது. அதற்காகத்தான் மனுஷன் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தார். சாவதற்கு நாள் பார்க்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சாகாமல் இருப்பதற்கு நாள் பார்த்தவரை இவரைத்தான் பார்த்தேன்.

சின்னவருக்கும் அது தெரியும். தெரிந்ததனால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருநாள் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "டெய்லரு, அண்ணன் பொழச்சுக்கணும்னு வேண்டப் போனேன். வாயில என்ன வந்துச்சு தெரியுமா? இன்னும் ஒன்பது நாளைக்கு இருக்கட்டும்னு வந்துச்சு." ஒன்றும் சொல்லாமல் காஜா போட்டுக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் இருந்தது அபூர்வம் என்பதால் அவரே பயந்துபோய் எழுந்துவிட்டார்.

அந்தக் காலை வந்தது. தெரு முழுக்க மூடுபனி. எதிர்வீட்டு மாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கம்பி, கொடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பாதி வரைந்து விட்ட படம் மாதிரி நின்றன. நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். சின்னவர் ஈரத் தலையோடு, மெழுகுத் தட்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். போனை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும். போன தடவை இதுதான் கெடுத்துச்சு" என்றார். நான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இப்போதுதான் பார்த்தேன், தூங்குகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றார். பிறகு பனிக்குள் நடந்தார். முதலில் கால்கள் மறைந்தன, பிறகு வெள்ளை வேட்டி, கடைசியாக முதுகு. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அண்ணி பின்கதவு வழியாக எட்டிப் பார்த்து, "டெய்லர் தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஊசி கடன் கேட்கிற குரல். போய்ப் பார்த்தேன். பெரியவர் எப்போதும்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வை மார்பு வரைக்கும் இருந்தது. அந்தப் போர்வை அசையவில்லை.

என் கை தானாகவே சட்டைப் பையில் இருந்த சின்னவர் போனுக்குப் போனது. கோயில் காவலாளி எண் அதில் இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னாலும் பத்து நிமிஷம்தான். அண்ணி என் கையைப் பார்த்தாள்.

"எங்க போறீங்க?"

"சின்னவருக்குச் சொல்ல வேணாமா அண்ணி?"

"வேணாம். அவரு வெளிய வரட்டும். அது வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. உங்களால வாயை வச்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

அது நியாயமான கேள்விதான். என் காதில் விழுந்தது தெருக்கோடிக்குப் போக கால் மணி நேரம் போதும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கூடப் பிறந்தவன் போய்விட்டான் என்பதை ஒருவனுக்குச் சொல்லாமல் மறைப்பது தப்பு, பின்னால் தெரிந்தால் அவர் மன்னிக்க மாட்டார், நீங்கள் மட்டும் இதைத் தனியாகச் சுமக்க முடியாது என்றெல்லாம் பேசினேன். அண்ணி பொறுமையாகக் கேட்டாள். "அஞ்சு மாசமா இவரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. ஒரு காலைப்பொழுதுதான் குறைஞ்சுபோச்சு. அதை நான் பிடிச்சுக்கறேன். நான்தானே அழணும்? நான் பொறுத்துக்கறேன்" என்றாள். நான் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கனவு மாதிரிதான் இருக்கிறது. அண்ணி ஈரத்துணியால் பெரியவர் நெற்றியைத் துடைத்தாள், தினமும் துடைக்கிற மாதிரி. காலண்டர் தாளைக் கிழித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அரிசி கழுவினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது. இந்த வீட்டில் இந்த நேரத்தில் சமையல் சத்தம் கேட்கும்; கேட்காவிட்டால் அக்கம்பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாகவே வைத்தாள். குக்கர் மூன்று விசில் அடித்தது. யாரும் சாப்பிடப் போகாத சோறு வெந்தது.

நான் கடையில் உட்கார்ந்து, ஒரு சட்டையின் இரண்டு கையையும் உட்பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்து வைத்தேன். இஸ்திரிக்காரர் வந்தார். பெரியவர் எப்படி இருக்கார் என்று தினமும் கேட்பவர்தான். "தூங்குறார்" என்றேன். வாயில் நூலைக் கவ்விக்கொண்டிருந்ததால் அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் ரவிக்கை வாங்க வந்தாள்; அவளுக்கு வேறு யாருடைய ரவிக்கையையோ கொடுத்து அனுப்பினேன். பனி விலகாமலே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் இல்லை. பட்டறை மேடையில் பழைய வெள்ளி முகம், மெருகு போட்டுப் போட்டுத் தேய்ந்துபோனது, கழற்றி வைத்தபடி மல்லாந்து கிடந்தது. சன்னல் வெளிச்சத்தில் அது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சின்னவர் உள்ளே இருந்தார். அங்கே நடந்ததை அவர் பின்னால் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நானே கூடப் போய் வந்த மாதிரி இப்போது எனக்குப் பழகிவிட்டது.

வெளி மண்டபத்தில் ஆட்கள் மருந்து இடித்துக்கொண்டிருந்தார்களாம். எட்டுச் சரக்கைச் சேர்த்து நாள்கணக்கில் இடிக்கிற வேலை அது. அந்தச் சத்தம் கல் வழியாகவே உள்ளே வந்தது. கருவறைக்குள் ஒயர் இழுத்து ஒரு பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் வெளியே நின்று பார்த்த வாசலை இவர் தாண்டினார். எண்ணெய் வாசனை. பழைய பூ வாசனை. உள்ளே இவ்வளவு சின்ன இடமா என்றுதான் முதலில் தோன்றியதாம். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நிற்க முடியாது. அம்மன் இவர் தோள் உயரம்தான். பிறகு அந்தச் சின்ன இடம் பெரிதாகிக்கொண்டே போயிற்று என்றார். தலைக்குமேல் இருட்டு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் காது அடைத்துக்கொண்டது.

முகத்தை உடனே பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷம் காத்திருந்தவர், ஆசையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். பாதத்தில் ஆரம்பித்தார். மெழுகை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, ஒவ்வொரு விரலாக ஒற்றினார். அச்சில் மட்டுமே தெரிந்த விரல்கள், எந்த விரல் எவ்வளவு வளையும் என்று இருட்டிலும் சொல்லக்கூடிய விரல்கள், இப்போது கைக்குள் குளிர்ச்சியாக வந்தன. அழுதுகொண்டேதான் வேலை செய்தாராம். பாதம் முடிந்து, கை முடிந்து, தோள் முடிந்தது. பிறகு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அங்கே முகம் இல்லை.

கண் இல்லை, வாய் இல்லை. மூக்கு இருந்த இடத்தில் லேசாக ஒரு மேடு. எத்தனையோ தலைமுறையாகப் பாலும் தண்ணீரும் தினமும் உச்சியிலிருந்து வழிந்து, துடைத்துத் துடைத்து, முகம் மட்டும் முழுக்கக் கரைந்து வழுவழுப்பாகிவிட்டது. கை கால்கள் தப்பித்துவிட்டன. ஆற்றங்கரையில் கிடக்கும் கூழாங்கல்லை எடுத்துக் கழுத்தின்மேல் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இவர் பல்பைக் கையால் பிடித்துக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஏமாந்துவிட்டோம் என்று முதலில் ஆத்திரம்தான் வந்ததாம். யார்மேல் என்று தெரியவில்லை.

வாசலில் நின்ற குருக்கள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்க அண்ணன் பேச்சு போற வரைக்கும் சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றார் இவர். குருக்கள் சொன்னார்: "என்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார். தம்பி தினமும் வந்து அந்த முகத்தைப் பார்த்துதான் கும்பிடறான், அது நானா நெனச்சுத் தட்டினதுன்னு தெரிஞ்சா எனக்குத் தெரியற மாதிரி அவனுக்கும் வெறும் தகடாத் தெரிஞ்சுடும், அவனுக்காவது அது முகமா இருக்கட்டும்னார்."

சின்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷமாக அண்ணன் கோயிலுக்கு ஏன் அவ்வளவாக வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தனியாக உட்கார்ந்து, யாரையும் பக்கத்தில் விடாமல், இரண்டு நூலை மட்டும் வைத்துக்கொண்டு, பின்பக்கமிருந்து, இல்லாத ஒரு முகத்தை அண்ணன் தட்டியிருக்கிறார். அதைத் திறமையைப் பதுக்குவதாக நினைத்து இவர் மனசுக்குள் வைதுகொண்டிருந்தார். எழுந்து, இரண்டு உள்ளங்கையாலும் அந்த வழுவழுப்பான கல்லைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. குருக்கள் கூப்பிடவும் இல்லை. பிறகு முறைப்படி அதற்கும் மெழுகு ஒற்றி எடுத்தார். அச்சில் ஒன்றுமே விழவில்லை. ஒன்றுமே விழாத அந்த அச்சைத்தான் எல்லாவற்றையும்விடப் பத்திரமாகச் சுற்றி எடுத்துக்கொண்டார்.

பனியில் முதலில் வேட்டி தெரிந்தது. அப்புறம்தான் ஆள். வேகமாக வந்தார், ஓட்டமும் நடையுமாக. அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்ததுபோல் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. அழுத கண்ணும் சிரித்த வாயுமாக இருந்தது. நான் எழுந்து நின்றேன். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும் என்று பயந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "டெய்லரு, உனக்கு அப்புறம் சொல்றேன். முதல்ல அண்ணன்கிட்ட சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே பட்டறை வழியாக உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் வெளியே வந்தாகிவிட்டது, இனி சொல்லலாம், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அறை வாசலில் நின்ற அண்ணி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சின்னவர் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார். அண்ணன் ஐந்து மாதமாகத் திரும்பிப் பார்த்ததில்லை, பதில் சொன்னதில்லை. அதனால் அவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மெழுகுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, போயிட்டு வந்துட்டேன். பார்த்துட்டேண்ணே. நீ இத்தனை நாள் மறைச்சியே, அதைப் பார்த்துட்டேன்."

உள்ளே நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். விரல்கள் கைக்குள் வந்தது, பல்பு, குருக்கள் சொன்னது எல்லாம். நடுவில் சிரித்தார்; நடுவில் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி நிலைப்படியில் சாய்ந்தபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முகத்தை எனக்குத் தராம நீயே வச்சுக்கிட்டேன்னு உன்மேல கோவமா இருந்தேன்ணே. பன்னெண்டு வருஷம். நீ ஒரு தடவை திட்டியிருக்கலாம் இல்ல? தினமும் நான் போய்க் கும்பிட்டது உன் கையைத்தான். எனக்கு அது தகடாத் தெரியலண்ணே, இப்பவும் தெரியல. அதை உன்கிட்ட சொல்லத்தான் ஓடி வந்தேன்."

பிறகு குரல் இறங்கியது.

"இனிமே நான் தட்டணும். எனக்குப் பயமா இருக்கு. நீ என்னத்தை நெனச்சுக்கிட்டுத் தட்டினே? பேச வேணாம். நான் ஒவ்வொண்ணாக் கேக்கறேன், தலையை மட்டும் ஆட்டு."

அவர் காத்திருந்தார். சமையலறையில் மூடி வைத்த சோற்றின் வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் மெல்லக் குனிந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த அண்ணன் பாதத்தைத் தொட்டார். கல்லைத் தொட்டுவிட்டு வந்த கை அது. குளிர்ச்சி எதனுடையது என்று பிரித்தறிய அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையை எடுக்காமலே தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தார்.

அண்ணி கேட்டாள்: "தம்பி, அவர்கிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் அண்ணி."

"அப்ப இனி நான் அழலாமா?"

கேட்டுவிட்டு, அவர் சரி என்று சொல்வதற்காக நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.